அண்ணி கேட்ட ஆதாரம்

அண்ணிதான் என்னை அந்தக் கம்பெனிக்குள் கொண்டுபோனவள். என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் எங்கள் விவேக் நகர் வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே, பீன்யாவில் பசை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் லேபில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டுப்பலகைக்கும் செருப்புக்கும் போகிற பசை. நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"எங்க ஆபீஸ்ல ப்ராடக்ட் ஸ்டூவர்ட்ஷிப்னு புதுசா ஒரு டிபார்ட்மெண்ட் போட்றாங்க. கெமிஸ்ட்ரி படிச்சவங்க வேணுமாம். நீ வந்து பாரேன்டி."

"அப்படின்னா என்ன அண்ணி?"

"நாம விக்கிற பசையால யாருக்கும் ஒன்னும் ஆவக்கூடாது. செய்யறவங்களுக்கும் சரி, வாங்கறவங்களுக்கும் சரி. அத பாத்துக்கற வேலையாம்."

சேர்ந்தேன். பசைக்குள் போகும் ஒவ்வொரு மூலப்பொருளோடும் அதை விற்பவர் ஒரு பாதுகாப்புத் தாள் தர வேண்டும். கண்ணில் பட்டால் என்ன ஆகும், தோலில் பட்டால் என்ன ஆகும், பல வருஷம் சுவாசித்தால் என்ன, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன என்று அதில் வரிசையாக இருக்கும். அவற்றையெல்லாம் சேகரித்து, சரிபார்த்து, எங்கள் பசைக்கான தாளைத் தயாரிப்பது என் வேலை. சேகரிப்பது பெரிய விஷயமில்லை. வந்த தகவலை நம்பலாமா என்று தீர்மானிப்பதில்தான் நாள் போகும். சோதனையை யார் செய்தார்கள், எந்த முறையில் செய்தார்கள், அந்தப் பொருளைக் கொடுக்காத எலிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களா, முழு அறிக்கை இருக்கிறதா, சுருக்கம் மட்டும்தானா? எல்லாம் படித்துவிட்டுத் தரம் போடுவோம். நம்பலாம், குறைகளோடு நம்பலாம், நம்ப முடியாது, எதுவும் சொல்ல முடியாது.

சில கட்டங்களில் ஒன்றுமே இருக்காது. 'தகவல் இல்லை' என்று மட்டும் போட்டிருக்கும். புதிதாக வருபவர்கள் அதை 'ஆபத்து இல்லை' என்று வாசித்துவிடுவார்கள். சோதித்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு, யாரும் சோதிக்கவே இல்லை என்பது வேறு. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு இதை அலுக்க அலுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நானும் அண்ணியும் ஒன்றாகத்தான் போவோம். விவேக் நகரிலிருந்து மெஜஸ்டிக்குக்கு பஸ், அங்கிருந்து பீன்யாவுக்கு மெட்ரோ. நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து எங்கள் தெருவில் சிலருக்கு ஆச்சரியம். அண்ணி கோலார் தங்கவயல்காரி. அவள் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நெஞ்சு வலியும் இருமலுமாகக் கிடந்து இறந்துபோனார். டாக்டர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். "இன்னதுன்னு ஒரு பேரு சொல்லியிருந்தா எங்கம்மா நிம்மதியா அழுதிருப்பாங்க" என்று ஒருமுறை மெட்ரோவில் நின்றுகொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, சாயங்காலம் சிவாஜிநகரில் இறங்கித் தனக்கு ஒரு நைட்டி எடுக்கணும் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் அப்படித்தான். எந்தத் துக்கத்தையும் நடு வழியில் இறக்கிவிட்டுப் போகிறவள்.

கல்யாணமான அடுத்த வருஷம் அண்ணி முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அப்போது அம்மா அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. காலையும் மாலையும் ஆட்டுக்கால் சூப். "மொத தடவ இப்படி ஆவறதுதான், விடு" என்று தலையைத் தடவிவிட்டாள். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குக் குழந்தை இயேசு கோயிலில் எங்கள் வீட்டுப் பெண்கள் மூவருமே மெழுகுவத்தி ஏற்றினோம்.

இரண்டாவது தடவை ஐந்தாம் மாதத்தைத் தாண்டியது. வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மெட்ரோவில் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். ஒருநாள் யஷ்வந்த்பூர் தாண்டியதும் என் கையைப் பிடித்து இழுத்துத் துப்பட்டாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியுதா? இப்ப ஒதச்சுது பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆமா அண்ணி" என்றேன். பீன்யா வரும்வரை என் கையை விடவில்லை.

அந்தக் குழந்தையும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரசவ வார்டுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். பக்கத்து அறைகளில் குழந்தைகள் அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். காரணம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். இரண்டு பேரும் சில பரிசோதனைகள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணி எழுந்து நடக்க முடிந்தவுடன் எல்லாம் எடுத்துக்கொண்டாள். எதிலும் குறை இல்லை. அண்ணன் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனான்.

இந்த முறை அம்மாவின் வாயிலிருந்து வேறு பேச்சு வந்தது. போனில் சித்தியிடம், அண்ணி சமையல்கட்டில் இருப்பது தெரிந்தே சொன்னாள்.

"அவ அக்காவுக்கும் கொழந்த இல்லடி. அவங்க வீட்டு ரத்தமே அப்படி போல. சரியா விசாரிக்காம பண்ணிட்டோம்."

அண்ணி மறுபடி வேலைக்கு வரத் தொடங்கிய வாரம், திரும்பி வரும்போது மெட்ரோவில் கேட்டாள்.

"உன்ன ஒன்னு கேக்கட்டுமா? நான் தெனமும் தொறக்கறேனே, அந்த நீல ட்ரம். அதாலயா?"

அந்த ட்ரம்மில் வருவது, காய்ந்த பசை வெடிக்காமல் வளைந்து கொடுக்கச் சேர்க்கும் ஒரு திரவம். ஒவ்வொரு ட்ரம்மையும் திறந்து மாதிரி எடுத்துப் பார்ப்பது அண்ணியின் வேலை. லேசான இனிப்பு வாடை அடிக்கும். துவைத்த பிறகும் அவள் துணியில் அது இருக்கும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அதனால் என்ன ஆகும் என்ற கட்டத்தில், விற்றவரின் தாளிலும் எங்கள் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்தான். தகவல் இல்லை.

"பாக்கறேன் அண்ணி" என்றேன்.

மறுநாள் என் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய கன்னடக்காரர். என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

"சப்ளையர் கிட்ட முழு டெஸ்ட் ரிப்போர்ட் கேக்கப் போறேன் சார். ஆனா வந்தா நான் மட்டும் பாத்தா சரி வராது. எங்க வீட்டு விஷயம். ஒரு பதில் வேணும்னு எனக்குள்ள இருக்கு. நீங்களும் தனியா படிச்சுத் தரம் போடுங்க. நான் என்ன போட்டேன்னு சொல்ல மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேளம்மா. நானும் மேல பேசறேன். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அவங்க அந்த ட்ரம் பக்கம் போக வேணாம். ஸ்டோர்ஸ்ல ஒரு இடம் இருக்கு, அங்க மாத்திடலாம்."

சொன்னபடியே மாற்றினார். அதை அண்ணி வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். சாயங்காலம் அவள் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"என்ன மாத்திட்டாங்கன்னா, அதான் காரணம்னு அர்த்தம் தானே?"

"இல்ல அண்ணி. தெரியாததால மாத்தியிருக்காங்க. தெரியிற வரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்னு."

"ம்" என்றாள். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "அத்தை, அந்த கெமிக்கலாலதான் அப்படி ஆயிருக்கு. ஆபீஸ்லயே என்ன வேற எடத்துக்கு மாத்திட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் "இன்னும் பாத்துக்கிட்டு இருக்கோம்மா" என்றேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து வீடு கொஞ்சம் மூச்சு விட்டது. அம்மா மறுபடி அண்ணிக்குத் தனியாக மீன் எடுத்து வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், "பாவம், அந்த ஃபேக்டரியில என்னத்தையோ மோந்து மோந்து இப்படி ஆயிடுச்சு" என்று சொல்வது கேட்டது. அண்ணி நன்றாகத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புதுப் புடவை கட்டினாள். இந்த நிம்மதி எதன் மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கலைக்க மனசு வரவில்லை. அறிக்கை வரட்டும் என்று இருந்தேன்.

சப்ளையருக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். விற்றவர் தயாரித்தவரைக் கைகாட்டினார். தயாரித்தவர்கள் இன்னொரு நாட்டிலிருந்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். வணிக ரகசியம் என்றார்கள். சுருக்கம் தருகிறோம் என்றார்கள். சுருக்கம் போதாது என்று மேலாளரே அழைத்துப் பேசினார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருவழியாக அறிக்கை வந்தது.

அன்றே உட்கார்ந்து படித்தேன். மிகக் கொஞ்சம் எலிகள். ஒப்பிட வைத்த எலிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. கொடுத்த அளவை யாரும் அளந்து உறுதிசெய்யவில்லை. நடுவில் சில பக்கங்களையே காணோம். கடைசியில் மட்டும் 'பாதகமான விளைவு எதுவும் காணப்படவில்லை' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. நான் என் தரத்தை எழுதி மடித்து வைத்தேன். மேலாளரும் தன்னுடையதை எழுதிக்கொண்டு வந்தார். இரண்டிலும் ஒன்றுதான் இருந்தது. நம்ப முடியாது.

விற்பனைப் பிரிவுத் தலைவர் மட்டும் சந்தோஷப்பட்டார். "விளைவு இல்லன்னு எழுதியிருக்கே. அப்படியே நம்ம தாள்ல போட்டா கஸ்டமர் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். மேலாளர் தலையை ஆட்டி, "ஆகல்ல சார், அப்படிப் போட முடியாது" என்றார். அந்த விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணிதான் கேட்டாள். "வந்துதா அது?"

"வந்தது அண்ணி."

அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தான். "என்ன போட்டிருக்கு?"

"ஒன்னும் ஆகலன்னு போட்டிருக்கு. ஆனா அந்த டெஸ்ட்டையே சரியா பண்ணல. அத வெச்சு ஆபத்து இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"ஒன்னும் ஆகலன்னு போட்டிருக்கு இல்ல?" என்றான் அண்ணன்.

"போட்டிருக்கு. அத நம்ப முடியாதுன்னு சொல்றேன்."

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அப்ப கெமிக்கல் இல்ல. நான் அன்னிக்கே சொன்னேன்."

"அம்மா, நான் அப்படி சொல்லவே இல்ல."

"வேற எப்படி சொல்ற? கெமிக்கல் இல்லன்னா வேற என்னா?"

அண்ணி எழுந்து அம்மா கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அவளும் வந்தாள். பெட்ஷீட்டின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் பிடித்து மடித்தோம்.

"அத்தை கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்டி. அந்த ட்ரம்தான் காரணம்னு. நீ படிச்சவ, நீ சொன்னா நம்புவாங்க."

"தெரியாததை எப்படி அண்ணி சொல்றது?"

"இல்லன்னும் உனக்குத் தெரியாது இல்ல?"

"தெரியாது."

"அப்ப என் பக்கமா சொன்னா என்னா?"

என்னிடம் பதில் இருந்தது. நான் அப்படிச் சொல்லி, நாளைக்கு அவள் வேறு வேலையில் இருக்கும்போது இதே மாதிரி ஆகிவிட்டால், அப்போது பழி முழுக்க அவள் தலையில் வந்து விழும். இதைத்தான் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஆபீஸில் சொல்லுகிற மாதிரியே சொன்னேன் போலிருக்கிறது. அவள் பெட்ஷீட்டை மடித்து முடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்றது எல்லாம் கரெக்ட்தான்" என்றாள். "எனக்கு யாருமே இல்லடி இந்த வீட்ல." பிறகு படியிறங்கிப் போனாள்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். "தெரியாத விஷயத்துக்கு ஒருத்தி மேல பழி போடாதம்மா" என்றேன். "நான் என்னாத்த போட்டேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணனிடம்தான் சண்டையே போட்டேன்.

"அவங்க எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டாங்க. நீ ஒன்னுகூட எடுக்கல. எடுக்காத டெஸ்ட்ட நல்லா இருக்குன்னு எப்படி வெச்சுக்கற?"

அவன் முகம் வெளிறிவிட்டது. "தங்கச்சி பேசற பேச்சா இது" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு பல மாதங்கள் என்னிடம் பேசவில்லை. பரிசோதனைக்கும் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணி தங்கவயலுக்குப் போனாள். தன் அம்மாவோடு பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சின்னப் பையோடுதான் கிளம்பினாள். ஆட்டோ ஏறும்போது என் கன்னத்தைத் தட்டினாள். பண்டிகைக்கு வரவில்லை. தவக்காலம் வந்து போயிற்று. ராஜினாமாவை மெயிலில் அனுப்பினாள். அண்ணன் சில ஞாயிற்றுக்கிழமைகள் ரயிலேறிப் போனான். போய்விட்டு வரும்போதெல்லாம் எங்கள் யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். பிறகு போவதை நிறுத்திக்கொண்டான். இரண்டு பேரில் யார் முதலில் வேண்டாமென்றார்கள் என்று நான் கேட்கவில்லை.

கம்பெனியில் எங்கள் தாள் மாறியது. 'தகவல் இல்லை' என்ற வாசகத்தோடு இப்போது இன்னொரு வரியும் இருக்கிறது: கருவின் மீதான விளைவு முறையாக ஆராயப்படவில்லை, கர்ப்பிணிகள் இதைக் கையாள வேண்டாம். அதைக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து லேப் சுவரில் ஒட்டினோம். தமிழ் வரியை நான்தான் எழுதினேன். அண்ணி இடத்துக்கு வந்த பெண் அதைப் படித்துவிட்டு, நாள் தள்ளிப்போனதுமே வந்து சொன்னாள். உடனே இடம் மாற்றினார்கள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்கள். எனக்கு வந்த துண்டை வாயில் வைக்க முடியவில்லை. நல்லபடியாகப் பிறந்த ஒரு குழந்தையும் அண்ணியின் கேள்விக்குப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அண்ணியைப் பார்த்தேன். வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பள்ளிக்கூட லேபில் வேலையாம். தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகிறாள். அன்று ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்திருந்தாள். இளைத்திருந்தாள். முன் தலையில் நரை. என்னைப் பார்த்ததும் நின்றாள், பிறகு அவளே கிட்ட வந்தாள். நடைமேடையில் டீ வாங்கினோம்.

"கல்யாணம் பேசறாங்களா உனக்கு?"

"பேசறாங்க அண்ணி." அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது. அவள் அதைத் திருத்தவில்லை.

"உன் மேல எனக்குக் கோவம்லாம் இல்லடி" என்றாள் டீயைப் பார்த்துக்கொண்டே. "கொஞ்ச நாள் இருந்துச்சு. என்னமோ ஒரு பதில் இருந்தா அத புடிச்சுக்கிட்டு எழுந்துடலாம்னு இருந்தேன். இப்ப பதில் இல்லாமயே எழுந்து வேலைக்கு வரேன். பழகிடுச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இனிப்பு வாடை போயிருந்தது. சோப்பும் சாக்பீஸும் கலந்த மாதிரி ஏதோ ஒரு வாசம்.

வண்டி வருகிறது என்று அறிவித்தார்கள். கூட்டம் நகர ஆரம்பித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அப்படியேதான் இருக்கிறது என்றேன். பெண்கள் பெட்டியில் ஏறினாள். உள்ளே எங்கே உட்கார்ந்தாள் என்று பார்க்க முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அண்ணியைப் பார்த்தேன், உன் முட்டி வலியைக் கேட்டாள் என்று. அம்மா தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்தாள். கையிலிருந்த கரண்டியை மாவுப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"சாப்பிட ஏதாவது வாங்கிக் குடுத்தியா அவளுக்கு?"

"டீ குடிச்சோம்மா."

"டீ மட்டுமா" என்றாள் அம்மா. பிறகு அங்கேயே தரையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அண்ணன் வரும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. மிச்ச தோசையை நான்தான் ஊற்றினேன்.